மவுஸும் கறுப்புத் திரையும்: லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கல்முனையில் கொமினிகேசன் கடை வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து ஒருநாள் இரவு அழைப்பு வந்தது. காக்கா (அண்ணன்) என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கடைக் கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு அப்போது இரண்டு மாதம்.

"தம்பி, அப்டேட் போகுதில்ல. ஒரு பெட்டி வந்து நிக்குது. மூடினா திரும்பவும் வருது."

"பெட்டியில என்ன எழுதிருக்கு காக்கா?"

"என்னமோ பிழையாம். அவ்வளவுதான்."

நான் இருப்பது கல்லடியில். அவருடைய திரை எனக்குத் தெரியாது. கீழே இடப்பக்க மூலையில் அமத்துங்கள், மூன்றாவது சின்னத்தைத் தேடுங்கள் என்று பத்து நிமிடம் மல்லுக்கட்டினோம். அவர் பார்த்த மூன்றாவது சின்னமும் நான் நினைத்த மூன்றாவது சின்னமும் ஒன்றல்ல. கடைசியில் கறுப்புத் திரையை, அதாவது கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் டெர்மினல் என்ற சாளரத்தைத் திறக்கச் சொல்லி, நாலைந்து எழுத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் அடித்தார், வந்த வரிகளை வாசித்தார். ஒரு நிமிடத்தில் கோளாறு பிடிபட்டது. என்ன கோளாறு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மவுஸ் அமத்துவதைப் போனில் அனுப்ப முடியாது. எழுத்தை அனுப்பலாம். லினக்ஸில் யாரிடம் உதவி கேட்டாலும் அவர் ஒரு கட்டளையை நீட்டுவதற்கு முக்கியமான காரணம் இது. பந்தா காட்டுகிறார் என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

ஆனாலும் காக்காவுக்கு முதல் நாளே நான் கறுப்புத் திரையைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அடுத்த நாளே விண்டோஸுக்குத் திரும்பியிருப்பார். எதை மவுஸால் செய்வது, எதற்குக் கறுப்புத் திரையைத் திறப்பது என்பதை நான் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன்.

கட்டளைகளையும் போனில் சொல்வதுபோலவே சொல்வேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். எழுத்துக் குழம்பாமல் இருக்க ஊர்ப்பெயரின் ஆங்கில முதல் எழுத்தை அடையாளமாகச் சொல்வேன்: டி என்றால் டச்பார் டி. ரி என்றால் ட்ரிங்கோ ரி. பி மட்டும் குழப்பம் தரும், ஆகவே பட்டிக்கலோ பி, பொத்துவில் பி என்று பிரித்துச் சொல்வேன். காக்காவும் நானும் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம், இதுவரை பிழைத்ததில்லை.

எதைப் போடுவது

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய புரொசெசரையும் கேட்கும். 2015, 2016இல் வாங்கிய லப்டொப்புகள் பெரும்பாலும் அந்த வாசலைத் தாண்டாது. எறிய மனம் வராது, புதிது வாங்கக் காசும் இருக்காது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த நிலையில்தான் வருகிறார்கள்.

லினக்ஸ் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 'கட்டற்றது' என்பது அதைவிடப் பெரிய விசயம்: எவரும் உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம். கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எழுதவென்று 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சிங்கி மாணவர் எழுதத் தொடங்கிய கேர்னலும் (இயங்குதளத்தின் கருப்பகுதி) சேர்ந்து வந்த பாதை அது. தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவதற்கு இலங்கைக் கணினியாளர்கள் சில வாரங்களுக்குள் தொண்டாக எழுதிய மென்பொருள்தான் சஹானா. கட்டற்றதாக வெளியிட்டபடியால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

சரி, விசயத்துக்கு வருவோம். லினக்ஸில் பல வகை உண்டு. புதியவருக்கு நான் போடுவது லினக்ஸ் மின்ட் என்ற வகை. விண்டோஸ் பழகிய கைக்கு அது அந்நியமாக இராது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லப்டொப் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி இருந்தால் சினமன் பதிப்பு. மின்ட்காரர்கள் 2 ஜிபி ரேமும் 20 ஜிபி வட்டு இடமும் போதும் என்கிறார்கள். போதும்தான், ஆனால் பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் 2 ஜிபி மூச்சு வாங்கும். 20 ஜிபியும் ஒரு வருடத்துக்குள் நெருக்கும்.

உபுண்டுவும் நல்லது. டெபியனும் நல்லது, கொஞ்சம் பொறுமை கேட்கும். ஆர்ச் லினக்ஸை முதலில் போடச் சொல்லும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். நீந்தப் பழகுகிறவன் வாவிக் கரையில் இறங்கினால் போதும், முகத்துவாரத்தில் குதிக்கத் தேவையில்லை.

போடுமுன்

படங்கள், கடிதங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் பிரதி எடுங்கள். எடுத்த பிரதியைத் திறந்து பார்த்தால்தான் அது பிரதி.

மின்டின் ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது நிறுவத் தேவையான எல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு, ஏறக்குறைய 3 ஜிபி. இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் படுக்கும்போது போட்டுவிட்டுப் படுங்கள். இறங்கியதும் அது முழுசாக வந்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். இணைப்பு இடையில் அறுந்து அரைகுறையாக வந்த கோப்பை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் தலையைப் பிய்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. 2016 பெப்ரவரி 20ஆம் திகதி மின்டின் இணையத்தளத்துக்குள் புகுந்தவர்கள், பின்கதவு (பிறர் இரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த போலி ஐஎஸ்ஓவை இறக்கும்படி இணைப்பை மாற்றிவிட்டார்கள். 

சரிபார்ப்பது விண்டோஸின் கறுப்புத் திரையில், அதாவது கமாண்ட் ப்ரொம்ப்டில். லினக்ஸ் போடுமுன்பே கறுப்புத் திரையா என்று சிரிப்பு வரலாம். அங்கே அடிக்க வேண்டியது: செர்ட்யூட்டில், அதாவது சி, ஈ, ஆர், ரி, யு, ரி, ஐ, எல். பிறகு இடைவெளி, சிறுகோடு, ஹேஷ்ஃபைல் என்ற சொல் ஒட்டினாற்போல், இடைவெளி, கோப்பின் பெயர், இடைவெளி, எஸ், எச், ஏ, 256. அறுபத்துநாலு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி வரும். மின்ட் தளத்தில் உள்ள வரியோடு அது அப்படியே பொருந்த வேண்டும்.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற செயலியைக் கொண்டு அந்த ஐஎஸ்ஓவை எழுதுங்கள். பென்னில் இருந்த எல்லாம் அழியும். லப்டொப்பை அணைத்து, பென்னைச் செருகி, போடும்போது எஃப்12 விசையை (எச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப்9) தட்டிக்கொண்டிருந்தால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும்.

இனி அவசரப்படக் கூடாது. பென்னிலிருந்தே மின்ட் முழுதாக ஓடும், வட்டைத் தொடாது. அரை மணித்தியாலம் அப்படியே பாவியுங்கள். வைஃபை பிடிக்கிறதா? சத்தம் வருகிறதா? வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா? பிரின்டரைக் கண்டுகொள்கிறதா? இதில் வைஃபை பிடிக்காவிட்டால் நிறுவுவதைத் தள்ளிப்போட்டுவிட்டுத் தெரிந்தவர் ஒருவரைக் கேளுங்கள்.

நிறுவுவது முழுக்க மவுஸ் வேலை. விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்பினால் அதன் பக்கத்தில் நிறுவும் தெரிவை எடுங்கள். அதற்கு முன் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, பிட்லொக்கர் என்ற வட்டுப் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவையுங்கள். பற்றரி நிறைந்திருக்கட்டும். பாதியில் கரண்ட் போனால் கோவிலுக்குத்தான் நேர வேண்டும்.

முதல் கிழமை

கறுப்புத் திரையைத் திறக்க வேண்டாம். உண்மையாகத்தான் சொல்கிறேன். அப்டேட் மனேஜரில் வரும் எல்லா அப்டேட்டையும் போடுங்கள். வேண்டிய மென்பொருளைச் சொப்ட்வெயார் மனேஜரில் தேடி எடுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற செயலியைத் திறந்து, கிழமைக்கு ஒன்றாக இரண்டு ஸ்னப்ஷொட் (இயங்குதளத்தின் அந்நேர நிலையின் பிரதி) மட்டும் வைத்திருக்கும்படி அமையுங்கள். இரண்டு மட்டும் என்பதை மறக்க வேண்டாம், அதன் கதை கீழே வருகிறது. டைம்ஷிஃப்ட் காப்பாற்றுவது இயங்குதளத்தைத்தான். உங்கள் படங்களையும் கடிதங்களையும் அது பிரதி எடுக்காது.

இந்தக் கிழமையில் தமிழ் வேலையையும் முடித்துவிடலாம். கீபோர்ட் அமைப்பில் இலங்கைத் தமிழ் என்ற பிரிவில் தமிழ்நெட் 99 அமைப்பு இருக்கிறது, சேர்த்தால் போதும். ஆங்கில ஒலியில் அடித்துத் தமிழ் வரவைக்கும் முறை வேண்டுமென்றால் ஐபஸ் என்ற உள்ளீட்டுச் செயலியும் எம்17என் என்ற அதன் துணைப் பொதியும் தேவை. பழைய கடிதங்களில் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அவை லினக்ஸில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். பயப்பட வேண்டாம், கோப்பு பழுதாகவில்லை. பாமினி எழுத்துருக் கோப்பை பென்னில் கொண்டுவந்து இரண்டு தரம் சொடுக்கி நிறுவினால் பழையபடி வாசிக்கலாம். புதிதாக எழுதுவதை மட்டும் யூனிகோடில் எழுதுங்கள்.

கறுப்புத் திரையைத் திறப்போம்

கன்ட்ரோல், ஓல்ட், ரி மூன்றையும் ஒன்றாக அமத்துங்கள். ஒரு வரி வந்து நிற்கும். அதில் முதலில் உங்கள் பெயர், பிறகு அட் குறி, பிறகு கணினியின் பெயர், முக்காற்புள்ளி, ஒரு நெளிகோடு, கடைசியில் டொலர் குறி. நெளிகோடு என்றால் 'வீட்டில் நிற்கிறாய்' என்று அர்த்தம், அதாவது உங்கள் சொந்தக் கோப்புறையில். டொலர் குறி என்றால் நீங்கள் சாதாரண ஆள். அந்த இடத்தில் ஹேஷ் குறி தெரிந்தால் நீங்கள் சர்வாதிகாரி, உடனே எக்ஸிட் அடித்து வெளியே வாருங்கள்.

புதியவர்களுக்கு நான் போடும் விதி ஒன்றே ஒன்றுதான். கட்டளைகளை இரண்டு சாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பார்க்கிற கட்டளை, மாற்றுகிற கட்டளை. முதல் மாதம் பார்க்கிற கட்டளை மட்டும். எத்தனை தரம் அடித்தாலும் எதுவும் உடையாது, பிழையாக அடித்தால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று சொல்லிவிட்டு நிற்கும். கறுப்புத் திரைமேல் உள்ள பயம் முக்கால்வாசி இங்கேயே போய்விடும்.

பொத்துவில் பி, டபிள்யூ, டி: நான் எங்கே நிற்கிறேன் என்று காட்டும். எல், எஸ்: இங்கே என்னென்ன இருக்கிறது. சி, டி, இடைவெளி, கோப்புறையின் பெயர்: அதற்குள் போகும். சி, டி மட்டும் அடித்தால் வீட்டுக்குத் திரும்பும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. டொக்கியூமென்ட்ஸ் என்பதில் முதல் எழுத்து பெரியது. சிறிய எழுத்தில் அடித்தால் அப்படி ஒன்று இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஆகவே முழுப்பெயரையும் அடிக்காதீர்கள். முதல் மூன்று எழுத்தை அடித்துவிட்டு டாப் விசையைத் தட்டுங்கள், மிச்சத்தை அதுவே நிரப்பும். நிரப்பாவிட்டால் அடித்த எழுத்தில் பிழை இருக்கலாம், அல்லது அதே எழுத்துகளில் தொடங்கும் வேறொரு பெயரும் இருக்கலாம். இந்த டாப் பழக்கம் வந்தவர் கறுப்புத் திரையில் தங்கிவிடுவார், வராதவர் ஓடிவிடுவார்.

மேல் அம்பை அமத்தினால் முன்பு அடித்த கட்டளை திரும்ப வரும். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த கன்ட்ரோல் சி. அதனால்தான் இங்கே கொப்பி பண்ணுவதற்கு கன்ட்ரோல், ஷிஃப்ட், சி என்று மூன்று விசை. ஒரு கட்டளையைப் பற்றி அறிய எம், ஏ, என், இடைவெளி, கட்டளையின் பெயர். வாசித்து முடிந்ததும் கியூ எழுத்தைத் தட்டினால் வெளியே வரலாம். அது தெரியாமல் லப்டொப்பையே அணைத்தவர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

காக்காவின் கணினிக்கு என்ன நடந்தது

அன்று இரவு நான் சொன்னது: டி, எஃப், இடைவெளி, சிறுகோடு, எச். வட்டில் எங்கெங்கே எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று காட்டும் கட்டளை. கடைசி எழுத்து, அளவுகளை மனிதர் வாசிக்கும்படி ஜிபி, எம்பி என்று காட்டச் சொல்வதற்கு.

"வரிசையா வருகுது தம்பி. ஒரு வரியில கடைசிப் பக்கத்தில ஒரு சாய்கோடு மட்டும் தனிய நிக்குது."

"அதுதான் காக்கா. அந்த வரியில நூற்றுவீதம் எவ்வளவு?"

"நூறு."

வட்டு நிறைந்துவிட்டது. அப்டேட்டுக்கு இறங்க இடமில்லை. அதைத்தான் அந்தப் பெட்டி 'பிழை' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நிறைத்தது யார்? டைம்ஷிஃப்ட். தினமும் ஒன்று, கிழமைக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று எல்லாப் பெட்டியிலும் சரி போட்டு வைத்திருந்தார். பாதுகாப்பு கூடட்டும் என்று நினைத்திருக்கிறார்.

அதை அழிப்பதற்கும் கட்டளை இருக்கிறது. ஆனால் நான் சொல்லவில்லை. டைம்ஷிஃப்ட் செயலியை மவுஸால் திறக்கச் சொன்னேன். திகதி வாரியாகப் பட்டியல் தெரியும், பழையதைத் தெரிவுசெய்து அழிக்கலாம், தவறி எல்லாவற்றையும் அழிக்கும் ஆபத்து குறைவு. ஐந்து நிமிடத்தில் 40 ஜிபிக்கு மேல் திரும்பக் கிடைத்தது. கோளாறைக் கண்டுபிடித்தது கறுப்புத் திரை, திருத்தியது மவுஸ். அநேகமான வேலைகளுக்கு நான் பாவிப்பது இந்த வழிதான்.

வட்டைப் பிரிப்பது, வைஃபையில் சேர்வது, பிரின்டர் பூட்டுவது, படங்களைப் பார்த்துத் தெரிவது எல்லாம் மவுஸுக்கே விடுங்கள். இவற்றையும் கறுப்புத் திரையில் செய்கிறவர்கள் உண்டு, வாழ்த்துவோம்.

மாற்றுகிற கட்டளைகள்

ஒரு மாதம் கழிந்ததும் எஸ், யு, டி, ஓ பழகலாம். சூடோ என்று வாசிப்பார்கள். அடுத்து வரும் கட்டளையை நிர்வாகியின் அதிகாரத்தோடு செய் என்று அர்த்தம். கடவுச்சொல் கேட்கும். மின்டில் நீங்கள் அடிக்கும்போது நட்சத்திரங்கள் தெரியும். டெபியனில் ஒன்றுமே தெரியாது, கீபோர்ட் பழுது என்று நினைத்துவிடாதீர்கள், அடித்துவிட்டு என்டரைத் தட்டுங்கள்.

மென்பொருள் போடுவதற்கு ஏ, பொத்துவில் பி, ரி: ஆப்ட். சூடோ, ஆப்ட், அப்டேட் என்று மூன்று சொல்லையும் இடைவெளி விட்டு அடித்தால் பட்டியல் புதுப்பிக்கும். அப்டேட் இருந்த இடத்தில் இன்ஸ்டோல் என்று போட்டு, பொதியின் பெயரைச் சேர்த்தால் நிறுவும். நிறுவுமுன் பலவேளைகளில் ஒரு பட்டியலைக் காட்டி, தொடரவா என்று கேட்கும். நாங்கள் எல்லோரும் வாசிக்காமலே வை எழுத்தைத் தட்டுகிறவர்கள். அந்தப் பட்டியலில் நீக்கப்படும் என்ற தலைப்பு வந்தால் மட்டும் நின்று வாசியுங்கள்.

2021இல் கனடாவின் பிரபல கணினி யூடியூபர் லினஸ் செபாஸ்டியன் (டோர்வால்ட்ஸின் பெயர்தான், ஆள் வேறு) பொப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். மவுஸ் வழி மறுத்துவிட்டது. கறுப்புத் திரைக்குப் போனார். இவையெல்லாம் நீக்கப்படும், இது ஆபத்து, உண்மையிலேயே வேண்டுமென்றால் 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற வசனத்தை முழுதாக அடி என்று கேட்டது. அடித்தார். டெஸ்க்டொப் முழுவதும் போய்விட்டது. பொதியில் பிழை இருந்தது உண்மைதான். ஆனால் மவுஸ் 'மாட்டேன்' என்று சொன்ன இடத்தில், கறுப்புத் திரை எழுதிக் காட்டிவிட்டுச் சொன்னதைச் செய்தது. மவுஸ் ஒன்றை மறுத்தால் கறுப்புத் திரைக்கு ஓடுமுன், ஏன் மறுத்தது என்று கேளுங்கள்.

இனி, கறுப்புத் திரை இல்லாமல் முடியாத ஒரு வேலை. மணிக்கூடு பிழைப்பது பற்றியது, எங்கள் நாட்டில் அந்தப் பிழை ஐந்தரை மணித்தியாலமாக வரும்.

களுவாஞ்சிகுடியில் ஒரு டீச்சர் விண்டோஸையும் மின்டையும் ஒரே லப்டொப்பில் வைத்திருக்கிறார். மின்டைப் பாவித்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் மணிக்கூடு பின்னால் நிற்கிறது. பின்னேரம் ஏழு மணி சூம் வகுப்புக்கு உட்கார்ந்தால் திரையில் பகல் ஒன்றரை. பற்றரி போய்விட்டது என்று கடையில் சொல்லி, மதர்போர்ட் பற்றரியையும் மாற்றியாயிற்று. பலனில்லை.

காரணம் இதுதான். கணினிக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது. விண்டோஸ் அதில் இலங்கை நேரத்தை எழுதும். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதும், அது எங்கள் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தியது. ஒருவர் எழுதியதை மற்றவர் தன் வழக்கப்படி வாசிக்கிறார். அமைப்புச் சாளரங்களில் எவ்வளவோ தேடினேன், இதை மாற்றும் பொத்தான் எனக்கு அகப்படவில்லை.

முதலில் பார்க்கிற கட்டளை: டைம், டேட் என்ற இரண்டு சொல்லையும் ஒட்டி, இடைவெளி இல்லாமல் பின்னால் சி, ரி, எல். உள்ளூர் நேரம், பொது நேரம், உள்மணிக்கூட்டின் நேரம் மூன்றும் வரிசையாக வரும். கடைசி வரியில் உள்மணிக்கூடு உள்ளூர் நேரத்திலா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று இருக்கும். மின்டில் நேரம் சரியாக இருக்கும்போது, அதே கட்டளைக்கு முன்னால் சூடோவைப் போட்டு, பின்னால் இடைவெளி, செட், சிறுகோடு, லோக்கல், சிறுகோடு, ஆர், ரி, சி, இடைவெளி, 1 என்று சேர்த்து அடியுங்கள். பிறகு பார்க்கிற கட்டளையைத் திரும்ப அடித்தால் 'ஆம்' என்று மாறியிருக்கும். கூடவே, இந்த முறை அவ்வளவு உகந்ததல்ல என்று ஒரு எச்சரிக்கையும் வரும். லினக்ஸ்காரர்களுக்கு விண்டோஸ்தான் மாற வேண்டும் என்று எண்ணம். இரண்டும் வைத்திருக்கும் வீட்டில் அதைக் கண்டுகொள்ளத் தேவையில்லை. பழையபடி வேண்டுமென்றால் 1 இருந்த இடத்தில் 0.

இருநூறு படம்

திரும்பத் திரும்பச் செய்யும் வேலைதான் கறுப்புத் திரையின் சொந்த ஊர். ஐந்து படத்தைச் சிறிதாக்க மவுஸ் போதும். பரிசளிப்பு விழாவில் எடுத்த இருநூறு படத்தையும் பெற்றோருக்கு அனுப்பும்படி சிறிதாக்க வேண்டுமென்றால், மவுஸோடு உட்கார்ந்தவர் விடிய எழும்புவார்.

இமேஜ்மஜிக் என்ற பொதியை ஆப்டால் நிறுவுங்கள். படங்கள் உள்ள கோப்புறைக்குள் சி, டி போட்டுப் போங்கள். அங்கே எம், கே, டி, ஐ, ஆர், இடைவெளி, ஸ்மோல் என்று அடித்தால் ஸ்மோல் என்ற பெயரில் புதுக் கோப்புறை உருவாகும். பிறகு எம், ஓ, ஜி, ஆர், ஐ, எஃப், வை, இடைவெளி, சிறுகோடு, பாத் என்ற சொல், இடைவெளி, ஸ்மோல், இடைவெளி, சிறுகோடு, ரீசைஸ் என்ற சொல், இடைவெளி, 1600, இடைவெளி, நட்சத்திரம், புள்ளி, ஜேபெக். ஜேபெக் என்பது ஜே, பொத்துவில் பி, ஜி மூன்று எழுத்து. நட்சத்திரம் என்றால் 'பெயர் எதுவானாலும்'. எல்லாப் படமும் 1600 புள்ளி அகலத்துக்குச் சுருங்கி ஸ்மோலுக்குள் விழும்.

திறக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்து நின்றால் எல், எஸ் அடித்துப் பாருங்கள். பல கமராக்கள் அந்த மூன்று எழுத்தையும் பெரிய எழுத்தில் எழுதுகின்றன. அப்படியே பெரிய எழுத்தில் அடித்தால் ஓடும்.

பாத் என்று தொடங்கும் அந்தத் துண்டை மறந்தீர்களோ, சிறிய படங்கள் பெரிய படங்களின் தலையிலேயே எழுதப்படும். மூலப்படம் போய்விடும். கேட்கவும் மாட்டாது. அக்காவின் மகளுடைய சாமத்தியச் சடங்குப் படங்களை நான் அப்படித்தான் சுருக்கினேன். அல்பம் அடிக்கக் கொடுத்த இடத்தில், 'பெரிய படம் எங்கே' என்று கேட்டபோதுதான் விசயம் விளங்கியது. படம் பிடித்தவர் கார்ட்டை அழிக்காமல் வைத்திருந்தபடியால் தப்பினேன். ஆனாலும் அக்கா இரண்டு கிழமை பேசவில்லை. இப்போது எந்த மாற்றுகிற கட்டளையையும் முதலில் மூன்று படத்தின் பிரதியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இருநூறில் கை வைக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் வரும் கட்டளைகள்

நண்பர் அனுப்பிய கட்டளை வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி போன் கீபோர்ட். வரியின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும், பெரிய எழுத்தில் தொடங்கும் சூடோவை லினக்ஸ் அறியாது. இரண்டு சிறுகோட்டைச் சேர்த்து ஒரு நீளக்கோடாக்கும். நேரான மேற்கோள் குறியை வளைக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு. ஆகவே ஒட்டாமல், பார்த்துக் கையால் அடியுங்கள்.

கையால் அடிப்பதில் இன்னொரு நன்மை, அடிக்கும்போது வாசிக்கிறோம். ஆர், எம் என்று தொடங்கும் கட்டளை அழிக்கும். குப்பைக்கூடைக்குப் போகாது, நேரே போய்விடும். அதன் பின்னால் ஆர், எஃப் சேர்ந்திருந்தால் உள்ளே உள்ள கோப்புறைகளோடு சேர்த்து, கேட்காமல் அழிக்கும். அழிக்கும் வேலைக்கு முதல் ஆறு மாதம் மவுஸ்தான். இணையத்தில் உள்ள ஒரு முகவரியிலிருந்து எதையோ இறக்கி, நேரே சூடோவுக்குள் ஊற்றச் சொல்லும் ஒற்றை வரிகள் உண்டு. நடுவில் ஒரு நிமிர்ந்த கோடு நிற்கும். அந்த முகவரி யாருடையது என்று தெரியாமல் அடிக்காதீர்கள்.

தமிழுக்கு ஒரு குறிப்பு. கறுப்புத் திரையில் அடிக்குமுன் கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் டெர்மினல் ஒவ்வோர் எழுத்தையும் சம அளவுக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கும், கொம்பும் காலும் விலகிக் குலைந்து தெரியும். திரையில்தான் குலைவு, கோப்பில் இல்லை. பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் போட்டு டாப் தட்டினால் நிரப்பிவிடும். பெயருக்குள் இடைவெளி இருந்தால் டாப் அதையும் சரியாகக் கையாளும், கையால் அடித்தால் இரண்டு கோப்பு என்று நினைத்துக்கொள்ளும்.

பக்கத்தில் ஒரு 80 பக்கக் கொப்பி வையுங்கள். வேலை செய்த கட்டளையை எழுதி, எதிரே எதற்காக அடித்தீர்கள் என்று தமிழில் ஒரு வரி. மாற்றுகிற கட்டளை என்றால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எப்படி என்று இன்னொரு வரி. எழுத மறந்தால் எச், ஐ, எஸ், ரி, ஓ, ஆர், வை அடியுங்கள், இதுவரை அடித்ததெல்லாம் இலக்கம் போட்டு வரும். காக்காவின் கொப்பியில் இப்போது பன்னிரண்டு கட்டளை இருக்கிறது, அதில் எட்டு பார்க்கிறது. கடையைக் கொண்டுநடத்த அது அவருக்குக் காணும்.

வேலை முடிந்ததும் திரையை மூட ஈ, எக்ஸ், ஐ, ரி, பிறகு என்டர்.